மூன்று கொட்டேஷன், மூன்று விலை: சொந்த மென்பொருளுக்கு பட்ஜெட் போடுவது எப்படி?

#1 கிடங்குக்கணக்கு

வணக்கம். மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றுக்கு ஆர்டர், ஸ்டாக், பில் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கும்படி மென்பொருள் செய்ய வேண்டும். இப்போது எல்லாம் எக்செல்லில் ஓடுகிறது. 3 கிடங்கு, சுமார் 6,000 பொருள். 40 பேர் பயன்படுத்துவார்கள். அதில் 15 பேர் வெளியே சுற்றி ஆர்டர் எடுப்பவர்கள், அவர்களுக்குக் கைபேசிச் செயலி வேண்டும். கணக்கு வழக்கு தனி மென்பொருளில் இருக்கிறது, அதை மாற்றப் போவதில்லை. இணைக்க மட்டும் வேண்டும்.

தேவைகளை இரண்டு பக்கத்தில் எழுதி மூன்று நிறுவனங்களுக்கு அனுப்பினோம். முதல் விலையை 1 என்று வைத்தால் இரண்டாவது 2.5, மூன்றாவது 4. காலமும் 3 மாதத்தில் தொடங்கி 11 மாதம் வரை போகிறது. எதை நம்பி பட்ஜெட் ஒதுக்குவது? எந்தெந்தச் செலவை நாங்கள் கவனிக்காமல் விட்டிருப்போம்?

#2 அளவுகோல்

மூவரில் யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். உங்கள் இரண்டு பக்கத்தைப் படித்து மூவரும் மூன்று வேறு மென்பொருளை மனதில் கட்டியிருக்கிறார்கள்.

இந்த இடைவெளி புதிதல்ல. மென்பொருள் செலவு மதிப்பீட்டை ஆராய்ந்த பேரி போம் 1981லேயே இதை அளவாகச் சொல்லிவிட்டார்: வெறும் யோசனை நிலையில் போடும் மதிப்பீடு, உண்மைச் செலவில் கால் பங்காகவும் இருக்கலாம், நான்கு மடங்காகவும் இருக்கலாம். தேவைகள் விரிவாக எழுதப்பட்டு ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு அது ஏறக்குறைய 0.67 முதல் 1.5 மடங்குக்குள் வரும். நிச்சயமின்மைக் கூம்பு என்று பின்னாளில் பெயர் பெற்றது இதுதான். ஆனால் கூம்பு தானாகக் குறுகாது. நாள் போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டால் அகலமாகவே இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் முடிவு எடுக்க எடுக்கத்தான் குறுகும்.

உங்கள் இரண்டு பக்கத்தில் இவற்றுக்குப் பதில் இருக்கிறதா பாருங்கள்:

- சிக்னல் இல்லாத இடத்தில் ஆர்டர் எடுக்க வேண்டுமா?
- ஒரே பொருளுக்கு வாடிக்கையாளர்வாரியாக விலை மாறுமா? தள்ளுபடிக்கு மேல் தள்ளுபடி உண்டா?
- 100 பெட்டி ஆர்டரில் 60 மட்டும் இருந்தால், மீதி 40 காத்திருக்குமா, ரத்தாகுமா?
- திரும்பி வரும் சரக்கு எந்தக் கிடங்கில், எந்த விலையில் ஏறும்?
- போட்ட பில்லை யார் திருத்தலாம்? திருத்தியதன் தடம் இருக்க வேண்டுமா?
- காலாவதித் தேதி, பேட்ச் எண் பார்க்க வேண்டிய பொருள் உண்டா?

ஒவ்வொன்றும் சில நாள் முதல் சில வாரம் வரை வேலையை மாற்றும். 1 என்று விலை சொன்னவர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டிருப்பார், 4 சொன்னவர் ‘ஆமாம்’ என்று. ஆகவே இப்போதைக்கு முழுத் திட்டத்துக்கும் ஒப்பந்தம் போடாதீர்கள். தேவை ஆய்வை மட்டும் தனி வேலையாக, தனிக் காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். இந்த அளவுக்கு 3 முதல் 4 வாரம், சுமார் 20 ஆள்-நாள் (ஒருவர் ஒரு நாளில் செய்யும் வேலை ஒரு ஆள்-நாள்) போதும்.

#3 வரைபலகை

தேவை ஆய்வின் முடிவில் கைக்கு என்ன வர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் 30 பக்க விளக்கக் கோப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆர்டர் பிறந்ததிலிருந்து பணம் வரும் வரையிலான பணி ஓட்டப் படம். எல்லாத் திரைகளின் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் (இந்த அளவு திட்டத்தில் 35, 40 திரை வரும்). யார் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்ற அட்டவணை. தரவுப் புலங்களின் பட்டியல். கணக்கு மென்பொருளோடு ஒரே ஒரு பில்லையாவது உண்மையில் அனுப்பிப் பார்த்த சோதனை முடிவு. கடைசியாக, வரிவரியாகப் பிரித்த மதிப்பீடு.

இவை அனைத்தும் உங்கள் சொத்து என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் அதே கோப்பை வேறு இருவரிடம் கொடுத்து விலை கேட்க முடியும். அந்த இரண்டாம் சுற்றில் விலைகள் 1, 2.5, 4 என்று சிதறாது.

#4 சாவித்துவாரம்

குறுக்கே ஒரு கேள்வி. இதை முதலிலிருந்து எழுதத்தான் வேண்டுமா? ஸ்டாக், பில், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூவின் கம்யூனிட்டி பதிப்பு போன்ற திறமூல (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள்களில் ஏற்கெனவே இருக்கின்றன.

#5 அளவுகோல்

நல்ல கேள்வி. தேவை ஆய்வின் முதல் வாரத்திலேயே இதற்குப் பதில் தெரிந்துவிட வேண்டும். வழி: சென்ற மாதத்து உண்மையான ஆர்டர்களில் 20ஐ எடுங்கள். சுலபமானவை 10, தலைவலி கொடுத்தவை 10. அவற்றைத் தயார் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று குறியுங்கள்.

இடிக்கும் இடம் திரையின் அமைப்பிலோ அறிக்கையின் வடிவத்திலோ இருந்தால் தயார் மென்பொருளே போதும், உங்கள் வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். விலை நிர்ணயம், ஸ்டாக் ஒதுக்கீடு போன்ற அடிப்படையில் இடித்தால், அந்த மென்பொருளின் உட்பகுதியை வெட்டி ஒட்டுவது புதிதாக எழுதுவதைவிட மோசமாக முடியும். ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் அந்த வெட்டு ஒட்டு எல்லாவற்றையும் மறுபடி செய்ய நேரும். ஸ்டாக்குக்கும் பில்லுக்கும் தயார் மென்பொருள், வெளியே சுற்றுபவர்களின் செயலி மட்டும் சொந்தமாக என்று பிரிப்பது பல இடங்களில் ஒத்துவரும்.

#6 ஆள்நாள்

முழுவதும் எழுதுவதாகவே வைத்து, மதிப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிறேன். கொட்டேஷனில் ஒற்றை எண் வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று எண் கேளுங்கள்: எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கமாக, எல்லாம் கெட்டால். 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறை இது. (நல்லது + 4 × வழக்கம் + கெட்டது) ÷ 6.

உங்கள் விவரத்தை வைத்து, மாதிரிக்கு மட்டும், டெவலப்பர் ஆள்-நாளில்:

உள்நுழைவு, அனுமதிகள்: 6 / 9 / 18 → 10
வாடிக்கையாளர், பொருள் பட்டியல்: 8 / 11 / 20 → 12
கைபேசியில் ஆர்டர்: 15 / 22 / 47 → 25
3 கிடங்கு ஸ்டாக்: 14 / 20 / 44 → 23
விலை, தள்ளுபடி விதிகள்: 8 / 14 / 38 → 17
கணக்கு மென்பொருள் இணைப்பு: 6 / 12 / 42 → 16
12 அறிக்கைகள்: 10 / 14 / 24 → 15
பழைய தரவை ஏற்றுதல்: 8 / 15 / 52 → 20

நடு எண்களை மட்டும் கூட்டினால் 117. சூத்திரப்படி 138. இந்த 21 நாள் வித்தியாசம்தான் ‘திட்டம் கொஞ்சம் தள்ளிப்போச்சு’ என்று பின்னால் வந்து நிற்பது. மூன்றாவது எண்ணையும் கவனியுங்கள். இணைப்பிலும் தரவிலும் அது நடு எண்ணைப் போல மூன்றரை மடங்கு. அந்த இரண்டு இடத்தில்தான் யாருக்கும் எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை என்று அர்த்தம். முதலில் ஆராய வேண்டியதும் அவைதாம்.

இன்னும் முடியவில்லை. 138 என்பது நிரல் எழுதுவது மட்டும். இதன் மேல்:

தேவை ஆய்வு 20
திரை வடிவமைப்பு 18
டெஸ்டிங் 41 (நிரல் வேலையில் 30 சதவீதம்)
திட்ட மேலாண்மை 21 (15 சதவீதம்)
சர்வர், பேக்கப், வெளியீட்டு அமைப்பு 10
பயனர் சோதனைக்குப் பின் திருத்தங்கள் 15
பயிற்சி, கையேடு 10

மொத்தம் 273. நிரல் எழுதுவது அதில் பாதிதான். 1 என்று வந்த கொட்டேஷனைத் திறந்து, இந்த ஏழு வரியில் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள்.

#7 சோதனைமேசை

டெஸ்டிங் 30 சதவீதம் என்றதைக் குறைக்கச் சொல்லி யாராவது வருவார்கள், விடாதீர்கள். 1975இலேயே மென்பொருள் திட்டங்களைப் பற்றி எழுதிய ஃபிரெட் புரூக்ஸ் சொன்ன பங்கீட்டில் மொத்தக் காலத்தில் பாதி டெஸ்டிங்குக்கே போகிறது. திட்டமிட மூன்றில் ஒன்று, நிரல் எழுத ஆறில் ஒன்று, உறுப்புகளைச் சோதிக்கக் கால் பங்கு, எல்லாம் சேர்ந்த பின் சோதிக்கக் கால் பங்கு. இன்றைய கருவிகளால் பங்கு மாறியிருக்கலாம், ஆனால் கடைசிக் கால் பங்கு அப்படியே இருக்கிறது: தனித்தனியாக ஓடியவை சேர்ந்ததும் ஓடுவதில்லை. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முழுத் தளத்தையும் ஒன்றுசேர்த்துச் சோதிக்கத் தொடங்கியது அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான். முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் 6 பேர்.

தேவையை எழுதும்போதே அதைச் சோதிக்கும் வழியையும் எழுதுங்கள். ‘வேகமாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் கடைசியில் சண்டைதான் மிஞ்சும். ‘6,000 பொருள், 2 லட்சம் பழைய ஆர்டர் ஏற்றிய நிலையில், 40 பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது, 100 தேடலில் குறைந்தது 95 தேடல் 2 விநாடிக்குள் முடிய வேண்டும்.’ இப்படி இருந்தால் ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடியும்.

#8 சிதறல்

#6க்கு ஒரு திருத்தம். சராசரி 138 சரி, ஆனால் அதைச் சுற்றிய விலகலையும் (எத்தனை நாள் முன்பின் போகலாம் என்பதை) கணக்கிட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் (கெட்டது − நல்லது) ÷ 6. அவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 13.5 நாள் வரும். இதைப் பார்த்துவிட்டு ‘அவ்வளவுதானா’ என்று நிம்மதி அடையக் கூடாது. அந்தச் சூத்திரம் ஒரு பகுதி தாமதமானால் மற்றது தாமதமாகாது என்று நம்புகிறது. நிஜத்தில் அதே இரண்டு டெவலப்பர், அதே முடிவெடுக்காத மேலாளர், அதே குழப்பமான பொருள் பட்டியல். எல்லாம் சேர்ந்தே தள்ளும். முழுக்கச் சேர்ந்து தள்ளினால் விலகல் 35 நாள். உண்மை 13.5க்கும் 35க்கும் நடுவே இருக்கும்.

273க்கு 20 சதவீதம், அதாவது 55 நாள், கையிருப்பாக வைத்தால் பொருந்தும். மொத்த பட்ஜெட் 328. ஆனால் அந்த 55ஐ ஒப்பந்தத்தில் எழுதாதீர்கள். அது உங்கள் கையில் இருக்க வேண்டிய பணம். எதிரில் இருப்பவருக்குத் தெரிந்தால் அது வேலையின் பகுதியாகிவிடும். 1955இல் பார்க்கின்சன் சொன்னது போல, கிடைத்த காலம் முழுவதையும் நிரப்பும் வரை வேலை விரியும்.

#9 ஆள்நாள்

சரியான திருத்தம், நன்றி. நான் சராசரியோடு நிறுத்திவிட்டேன்.

காலக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 138 ஆள்-நாளை 2 டெவலப்பருக்குப் பங்கிட்டால் 69 நாள் என்று தோன்றும். கூட்டம், கேள்விக்குப் பதில் வரக் காத்திருப்பது, விடுப்பு எல்லாம் போக 5 நாளில் 4 நாள்தான் வேலையாகும். ஆக 86 வேலை நாள், 17 வாரம். முன்னால் தேவை ஆய்வு 4 வாரம், பின்னால் பயனர் சோதனை 3, பழையதிலிருந்து புதியதற்கு மாறுவது 2. 26 வாரம். டெஸ்டிங் நிரல் வேலையோடு கூடவே ஓடுவதாக வைத்த கணக்கு இது.

3 மாதத்தில் முடிக்க 4 டெவலப்பர் போட்டால் ஆகாதா என்றால், ஆகாது. 3 பேர் இருந்தால் பேசிக்கொள்ள வேண்டிய இணைகள் 3. 6 பேருக்கு 15. 9 பேருக்கு 36. அதிலும் தாமதமான பிறகு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்பது புரூக்ஸ் பெயரிலேயே வழங்கும் விதி.

#10 கிடங்குக்கணக்கு

மிக்க நன்றி எல்லோருக்கும். முதல் கொட்டேஷனில் டெஸ்டிங், தரவு ஏற்றுதல், பயிற்சி மூன்றுமே இல்லை. இரண்டாவதில் தரவு ஏற்றுதல் ‘கிளையண்ட் பொறுப்பு’ என்று ஒரு வரி இருக்கிறது.

சிக்னல் விஷயம்: ஆமாம், பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. இதனால் எவ்வளவு கூடும்?

#11 நிரல்வாசி

எந்த அளவுக்கு ஆஃப்லைன் என்பதைப் பொறுத்து 7 நாளும் ஆகலாம், 25 நாளும் ஆகலாம்.

சிக்கனமான வகை: சிக்னல் இல்லாதபோது ஆர்டரை வரைவாகச் சேமிப்பது. சிக்னல் வந்ததும் அனுப்புவது. சர்வர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது ஆர்டர். ஸ்டாக் எண்ணின் பக்கத்தில் ‘காலை 9.10 நிலவரம்’ என்று காட்டினால் போதும். #6இல் உள்ள 25 நாளோடு 6 முதல் 8 நாள் சேரும்.

முழு வகை: சிக்னல் இல்லாமலே ஆர்டர் உறுதி, ஸ்டாக் ஒதுக்கீடு, பில் எண் எல்லாம். இங்கேதான் பணம் கரையும். கிடங்கில் 10 பெட்டி இருக்கிறது, இருவர் தனித்தனியே ஆஃப்லைனில் 10, 10 என்று விற்றுவிட்டார்கள். யாருக்குக் கொடுப்பது? முதலில் விற்றவருக்கு என்றால் எந்தக் கடிகாரத்தை நம்புவது, கைபேசியின் நேரம் தவறாக இருந்தால்? காலையில் விலை மாறியது, ஆஃப்லைனில் இருந்தவர் பழைய விலைக்கு விற்றுவிட்டார், எந்த விலை செல்லும்? இவை நிரல் எழுதுபவர் முடிவு செய்ய வேண்டியவை அல்ல, வியாபாரம் முடிவு செய்ய வேண்டியவை. அந்த முடிவுக்காகக் காத்திருப்பதே பாதிச் செலவு. இந்த வகைக்கு 20 முதல் 25 நாள் கூடுதலாக வையுங்கள், டெஸ்டிங்கையும் அதற்கேற்ப உயர்த்துங்கள்.

எந்த வகையானாலும் இரண்டைக் கட்டாயம் கேளுங்கள். ஒன்று, ஆர்டருக்கான அடையாள எண் கைபேசியிலேயே தனித்துவமாக உருவாக வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் இரண்டாவது ஆர்டராக ஏற்கக் கூடாது. சிக்னல் நடுவே அறுந்தால் செயலி மீண்டும் அனுப்பும், இந்தக் காப்பு இல்லாவிட்டால் ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை சரக்கு போகும். இரண்டு, அனுப்பாத வரைவுகள் இருக்கும்போது செயலியைப் புதுப்பித்தால் அவை அழியக் கூடாது.

பொருள் படங்களைக் கைபேசியில் இறக்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். ஒரு படம் 50 கிலோபைட் என்றாலும் 6,000 பொருளுக்கு 300 மெகாபைட்.

#12 வரைபலகை

வரைவு வகையே போதும் என்பது என் கருத்து. ஆஃப்லைனில் ஸ்டாக் ஒதுக்கவே முடியாது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிப் பழகிவிட்டால் 15 நாளுக்கு மேல் மிச்சம்.

#13 தரவுக்கடத்தி

பழைய தரவு பற்றி விரிவாகவே எழுதுகிறேன். பட்ஜெட்டை உடைக்கும் இடங்களில் இதற்குத்தான் முதலிடம், ‘கிளையண்ட் பொறுப்பு’ என்ற ஒரு வரியில் ஒளிந்திருப்பதும் இதுதான்.

எக்செல்லில் வழக்கமாக இருக்கும் சிக்கல்கள்: ஒரே வாடிக்கையாளர் மூன்று எழுத்துக்கூட்டலில். பூஜ்ஜியத்தில் தொடங்கும் பொருள் குறியீட்டில் முன் பூஜ்ஜியம் காணாமல் போயிருக்கும். எண்களில் எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் உள்ள இலக்கங்கள் பூஜ்ஜியமாகிவிடும். 16 இலக்க எண் எதுவும் திரும்பக் கிடைக்காது. 03/04 என்ற தேதி ஒரு தாளில் ஏப்ரல், இன்னொரு தாளில் மார்ச். பெயர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவையாக இருந்தால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அது தனி வேலை, ஒரு தாளிலேயே இரண்டு எழுத்துரு கலந்திருந்தால் இருமடங்கு வேலை.

சுத்தம் செய்வதை மென்பொருள் நிறுவனத்திடம் விடாதீர்கள். இரண்டு பெயரும் ஒரே கடைதானா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் செய்ய வேண்டியது: சந்தேகமான வரிகளைப் பட்டியலிட்டுத் தரும் நிரல். உங்கள் பக்கம்: அதைப் பார்த்து முடிவு சொல்லும் ஒருவர். 6,000 பொருளில் 600க்குக் கேள்வி வந்தது என்று வையுங்கள். வரிக்கு 3 நிமிடம் என்றாலும் 30 மணி நேரம். வாடிக்கையாளர் பட்டியல் தனி.

பழைய ஆர்டர் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியதில்லை. நடப்பு ஸ்டாக், நிலுவைத் தொகை, முடியாத ஆர்டர்கள், கடைசி 12 மாத விற்பனை. மற்றதைப் படிக்க மட்டும் முடிகிற கோப்பாக வைத்துக்கொண்டால் போதும். 52 என்ற அந்தக் கெட்ட எண் இதிலேயே பாதியாகும்.

குறைந்தது மூன்று ஒத்திகை. முதலாவதில் எவை உடைகின்றன என்று தெரியும். இரண்டாவதில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரியும். மூன்றாவது, நிஜமாக மாறும் நாளில் செய்யப்போவதை அப்படியே செய்து பார்ப்பது. ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் மூன்று கூட்டுத்தொகையைச் சரிபாருங்கள்: வரிகளின் எண்ணிக்கை, கிடங்குவாரியாக ஸ்டாக், வாடிக்கையாளர்வாரியாக நிலுவை. மாறும் நாளைக் கைக்கணக்கெடுப்பு முடிந்த மறுநாளில் வையுங்கள். ‘மதியம் 2 மணிக்குள் கூட்டுத்தொகை ஒத்துவராவிட்டால் பழையதற்கே திரும்புகிறோம்’ என்ற முடிவை அன்று எடுக்காமல் முன்பே எழுதி வையுங்கள். அன்றைக்கு யாருக்கும் அந்த மனம் வராது.

#14 புதுவரவு

ஏஐ கருவிகள் நிரல் எழுதித் தருகிற காலத்தில் 138 நாள் என்பது அதிகமில்லையா? பாதி விலை கேட்கலாமே?

#15 ஆள்நாள்

#6 கணக்கிலேயே பதில் இருக்கிறது. நிரல் வேலையில் 30 சதவீதம் மிச்சமாகிறது என்றே வைப்போம். 138இல் 41 நாள். 273இல் அது 15 சதவீதம். விலகிய வாடிக்கையாளர் நிலுவையை எப்படிக் காட்டுவது என்ற முடிவை எந்தக் கருவியும் உங்களுக்காக எடுக்காது. எழுதிய நிரலை வரிவரியாகப் படித்துச் சரிபார்க்கும் வேலையும் கூடும். தள்ளுபடி கேளுங்கள், பாதி கேட்காதீர்கள். பாதிக்கு ஒப்புக்கொள்பவர் டெஸ்டிங்கைத்தான் வெட்டுவார்.

#16 கையொப்பம்

ஒப்பந்தப் பக்கம். நிலையான விலையா, செய்த நாளுக்குக் காசா என்ற கேள்வி இனி வரும். முழுத் திட்டத்துக்கும் நிலையான விலை போடுங்கள் என்பேன். வாங்குபவருக்கு அதுதான் பாதுகாப்பு.

#17 நிரல்வாசி

இதில் ஒத்துப்போக முடியவில்லை. தேவை தெளிவில்லாதபோது நிலையான விலை கேட்டால், விற்பவர் தன் பயத்தையும் சேர்த்தே விலை போடுவார். நடக்காத ஆபத்துக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். ஆபத்து நடந்துவிட்டால் அவர் தன் நஷ்டத்தைச் சரிக்கட்ட ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் கூடுதல் பில்லாக்குவார். இரண்டு பக்கமும் வேலையை விட்டுவிட்டு ஒப்பந்த வாசகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

#18 கையொப்பம்

செய்த நாளுக்குக் காசு என்றால் முடிவே இல்லாமல் போகுமே. உச்சவரம்பு இல்லாத ஒப்பந்தத்தில் எந்த நிதிப் பொறுப்பாளரும் கையெழுத்துப் போட மாட்டார்.

சரி, நடுவழி: தேவை ஆய்வு நிலையான விலை. அதன் பிறகு வேலையை 4 முதல் 6 வாரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் செய்த நாளுக்குக் காசு, ஆனால் உச்சவரம்போடு. ஒவ்வொரு கட்ட முடிவிலும் நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். இதற்கு நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

பணம் தேதியைப் பார்த்துப் போகக் கூடாது, ஏற்றுக்கொண்ட வேலையைப் பார்த்துப் போக வேண்டும். கையெழுத்தின்போது 10 சதவீதம், கட்டங்களுக்கு 75, கடைசி 15ஐ நிஜப் பயன்பாட்டுக்கு வந்து 30 நாள் கழித்து. ‘முடிந்தது’ என்பதற்குப் பொருளும் எழுதுங்கள்: உங்கள் பெயரில் உள்ள சர்வரில் ஓடுகிறது, மூல நிரல் உங்கள் பெயரில் உள்ள களஞ்சியத்தில் இருக்கிறது, அந்தக் கட்டத்தின் சோதனைகள் தேறிவிட்டன. டெவலப்பரின் மடிக்கணினியில் ஓடுவது கணக்கில் வராது.

டொமைன், கிளவுட் கணக்கு, செயலிக் கடைக் கணக்கு எல்லாம் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில். காசு கொடுத்தாலே நிரலின் உரிமை வந்துவிடும் என்று எண்ண வேண்டாம், உரிமை மாற்றத்தைத் தனி விதியாக எழுத்தில் வாங்குங்கள். எந்தெந்தத் திறமூல நூலகம் (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பு) பயன்படுகிறது, எந்த உரிமத்தில் என்ற பட்டியலும் வேண்டும். எம்ஐடி, அப்பாச்சி உரிமங்களில் கவலை குறைவு. நிரலைப் பகிர்வதில் நிபந்தனை வைக்கும் ஜிபிஎல், ஏஜிபிஎல் உரிமங்கள் இருந்தால் சட்டம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

#19 நிரல்வாசி

உச்சவரம்போடு என்றால் சம்மதம். மாற்றக் கோரிக்கைக்கு ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள்: 5 நாள் வேலை உள்ளே வந்தால், 5 நாள் வேலை வெளியே போக வேண்டும். வெளியே எதையும் அனுப்ப மனமில்லை என்றால் கையிருப்பிலிருந்து எடுக்க ஒரே ஒருவருக்கு மட்டும் அதிகாரம். மூன்று பேர் தனித்தனியே டெவலப்பருக்குத் தகவல் அனுப்பி மாற்றம் கேட்கும் இடத்தில் எந்த பட்ஜெட்டும் நிற்காது.

#20 சோதனைமேசை

உங்கள் ஆட்களின் நேரத்தையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். முடிவெடுக்கும் ஒருவர் வாரம் 10 மணி நேரம், 26 வாரத்துக்கு 260 மணி. பயனர் சோதனைக்கு 5 பேர், 3 வாரம், தினம் 2 மணி என்றால் 150 மணி. இவர்களை அன்றாட வேலையிலிருந்து விடுவிக்காவிட்டால் பயனர் சோதனை ‘பார்த்தாச்சு, நல்லா இருக்கு’ என்று முடிந்துவிடும். பக் (நிரல் பிழை) எல்லாம் நிஜப் பயன்பாட்டில் வெளிவரும்.

#21 கிடங்குக்கணக்கு

பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது? மூவருமே ‘பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்கிறார்கள்.

#22 அளவுகோல்

இப்போதே பேசுங்கள். துறையில் வழக்கமாகச் சொல்வது கட்டிய செலவில் ஆண்டுக்கு 15 முதல் 20 சதவீதம். கட்ட 100 ஆனால் அடுத்த 4 ஆண்டில் 60 முதல் 80 போகும். இதில் புதிய வசதி எதுவும் சேராது. ஓடிக்கொண்டிருப்பதை ஓட வைக்கவே இவ்வளவு.

எதற்கு என்று கேட்பார்கள். சர்வர் நிரலை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸின் பதிப்பு ஒன்று, நீண்ட ஆதரவு நிலைக்கு வந்ததிலிருந்து வழக்கமாகச் சுமார் 30 மாதம்தான் ஆதரவு பெற்றிருக்கிறது. நிரல் மொழியான பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1 அன்று ஆதரவு நின்றது. இன்னொரு நிரல் மொழியான பிஎச்பி 7.4க்கு 2022 நவம்பரில். 2021 டிசம்பரில் ஜாவா நிரல்கள் பரவலாகப் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை தெரிந்தபோது, ஜாவா மென்பொருள் வைத்திருந்தவர்கள் தங்கள் நிரலில் எதையும் தொடாமல் இருந்தும் அவசரமாக வேலை பார்க்க வேண்டி வந்தது. அந்த நேரத்தில் கூப்பிட ஆள் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பணம்.

உத்தரவாதத்தையும் பராமரிப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்ட சோதனையில் தேறாதது பக்; அதை 90 நாள் வரை இலவசமாகத் திருத்துவது உத்தரவாதம். மற்றதெல்லாம் பராமரிப்பு. சர்வர், சோதனைக்கான இரண்டாவது சர்வர், பேக்கப் இடம், குறுஞ்செய்தி, வரைபடச் சேவை ஆகியவை மாதச் செலவு, தனித் தலைப்பு. பேக்கப்பை மாதம் ஒரு முறை திரும்ப ஏற்றிப் பார்க்க யார் பொறுப்பு என்றும் எழுதுங்கள்.

#23 கிடங்குக்கணக்கு

இப்படிப் போகிறோம்: தேவை ஆய்வு மட்டும் முதலில், 20 ஆள்-நாள். அதன் முதல் வாரத்தில் 20 ஆர்டரை ஈஆர்பிநெக்ஸ்ட்டில் போட்டுப் பார்ப்பது. ஆஃப்லைன் வரைவு வகை. தரவு 12 மாதம் மட்டும், சுத்தம் செய்ய எங்கள் பக்கம் ஒருவர் நியமனம்.

இரண்டாவது நிறுவனத்திடம் இதைச் சொன்னதற்கு, தேவை ஆய்வை இலவசமாகவே செய்து தருகிறோம், முழு ஒப்பந்தத்தில் இப்போதே கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். ஏற்கலாமா?

#24 வரைபலகை

வேண்டாம். அந்த 20 நாள் செலவு வேறு ஏதோ ஒரு வரியில் ஏறியிருக்கும், ஆய்வின் கோப்பும் உங்களுடையதாக இருக்காது. ஆய்வில் ‘தயார் மென்பொருளே போதும்’ என்று தெரிந்தால் அதை உங்களிடம் சொல்ல அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? காசு கொடுத்தே செய்யச் சொல்லுங்கள். மறுத்தால் மூன்றாமவரிடம் கேளுங்கள், 4 என்று விலை சொன்னவர் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஆய்வுக்கு மட்டும் அவர் சொல்லும் விலை தனி, அதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

#25 தரவுக்கடத்தி

ஆய்வு தொடங்கும் முன்பே கணக்கு மென்பொருளின் ஏபிஐ (வேறு மென்பொருள் அதனோடு பேசும் வழி) அனுமதியையும் சோதனைக் கணக்கையும் வாங்கி வையுங்கள். அதற்கு விண்ணப்பித்துக் காத்திருப்பதிலேயே இரண்டு வாரம் போகலாம், 20 ஆள்-நாளில் அது அடங்காது. எக்செல் கோப்புகளை இன்றைய நிலையில் ஒரு பிரதி எடுத்து, யாரும் திருத்த முடியாத இடத்தில் வையுங்கள். முதல் ஒத்திகை அதில்தான்.